சுருக்கமா, தனி இலக்கணமா? ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளின் மொழியமைப்பு

ஆங்கில நாளிதழின் தலைப்பைப் பலரும் வெட்டிக் குறைத்த வாக்கியம் என்றே கருதுகின்றனர். முழு வாக்கியம் ஒன்று முதலில் இருந்தது, பத்தியின் அகலம் போதாமையால் சில சொற்கள் நீக்கப்பட்டன, எஞ்சியதே தலைப்பு என்பது இக்கருத்து. பள்ளி இலக்கணம் கற்றவர்க்கு அது பிழை மலிந்த ஆங்கிலமாகவும் தோன்றும். இக்கட்டுரை இதை மறுக்கிறது. தலைப்பு மொழிக்குத் தனக்கே உரிய விதிகள் உண்டு. இடநெருக்கடி அம்மொழி பிறக்கத் துணைநின்றது. ஆயினும் அதன் இலக்கணத்தை இடநெருக்கடியைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.

இப்பொருளை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஹைன்ரிக் ஸ்ட்ராவ்மன். 1935இல் வெளிவந்த நூலில் அவர் தலைப்பு, விளம்பரம், பெயர்ப்பலகை ஆகியவற்றின் மொழியை 'பிளாக் லாங்குவேஜ்' என்று தனி வகையாகப் பிரித்தார். 1980இல் ஸ்வீடனின் லுண்டிலிருந்து வெளியான ஆய்வில் இங்கிரிட் மார்ட், 'தி டைம்ஸ்', 'டெய்லி மிரர்' இதழ்களின் முதற்பக்கத் தலைப்புகளை ஒப்பிட்டார். இவ்விருவரும் இட்ட அடித்தளத்தின்மீதே இக்கட்டுரை தன் வாதத்தை வைக்கிறது.

1. இரண்டு முதற்பக்கங்கள்

ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட செய்தியை 1865 ஏப்ரல் 15 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' ஒரே பத்தியில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல தலைப்புகளில் அடுக்கியது. அவற்றுள் ஒன்று 'பிரசிடென்ட் லிங்கன் ஷாட் பை அன் அசாசின்'. இதில் 'வாஸ்' என்னும் துணைவினை இல்லை, 'அன்' என்னும் சுட்டிடைச்சொல் இருக்கிறது. அடுத்தடுத்த வரிகளிலும் 'த' என்பது தயக்கமின்றி வருகிறது. பத்தி குறுகியதாக இருந்தும் சுட்டிடைச்சொற்கள் நீங்கவில்லை.

1912 ஏப்ரல் 16 அன்று அதே இதழ் டைட்டானிக் மூழ்கியதைப் பல பத்திகளைத் தாண்டி விரிந்த பெருந்தலைப்பில் அறிவித்தது. 'டைட்டானிக் சிங்க்ஸ் ஃபோர் அவர்ஸ் ஆஃப்டர் ஹிட்டிங் ஐஸ்பர்க்' என்று அது தொடங்குகிறது. கப்பலின் பெயருக்கு முன்னும் பனிப்பாறைக்கு முன்னும் சுட்டிடைச்சொல் இல்லை. நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு நிகழ்கால வினை வந்திருக்கிறது. இரண்டு சான்றுகளால் ஒரு வரலாற்றை எழுதிவிட முடியாது. எனினும் இடம் குறுகியபோது இருந்த சொல் இடம் விரிந்தபோது மறைந்திருக்கிறது. அகலக் குறைவே நீக்கத்துக்குக் காரணம் என்னும் எளிய விளக்கம் இங்கே இடறுகிறது.

2. காலம்

தலைப்பின் கால அமைப்பு ஒழுங்கானது. அண்மையில் நிகழ்ந்ததற்கு நிகழ்கால வினை, வரப்போவதற்கு 'டு' சேர்ந்த வினை, செயப்பாட்டுக்குத் துணைவினை அற்ற இறந்தகால எச்சம் என்பது அதன் பொது விதி. இறந்தகால முற்றுவினை அறவே விலக்கப்பட்டதன்று. 'ஆபத்தை அமைச்சர் முன்பே அறிந்திருந்தார்' என்னும் பொருள்பட வரும் தலைப்பில் வினை இறந்தகாலத்திலேயே நிற்கும். நேற்று வெளிப்பட்ட உண்மைக்கும் என்றோ நடந்த செயலுக்கும் இடையிலுள்ள தொலைவை அது காட்டுகிறது. ஆகவே தலைப்பின் நிகழ்காலம் கடிகார நேரத்தைக் குறிக்கவில்லை. 'இது இன்றைய செய்தி' என்பதையே குறிக்கிறது.

விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை காரணமாக முக்காலமும் மயங்கலாம் என்று நன்னூல் அமைதி கூறுகிறது. ஆங்கிலத் தலைப்பின் காலமயக்கத்தையும் முதற்பார்வையில் அவ்வாறு கொள்ளலாம். ஆனால் வழுவமைதி என்பது விதிக்கு விலக்கு. தலைப்பிலோ நிகழ்காலமே விதி, இறந்தகாலமே விலக்கு.

இவ்விதிக்கு ஒரு விலையும் உண்டு. 1948 நவம்பர் 3 அன்று 'சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்' 'டூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்' என்று அச்சிட்டது. அந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றவரோ ட்ரூமன். எண்ணி முடியாத வாக்குகளை நம்பி வெளியிட்ட அந்த ஊகம், நிகழ்கால வினையால் நிகழ்ந்த உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது.

3. சுட்டிடைச்சொல்லின் நீக்கம்

தலைப்பு மொழி வெறும் வெட்டுவேலை என்றால், எந்தச் சுட்டிடைச்சொல்லை வெட்டினாலும் தலைப்பு அமைய வேண்டும். அவ்வாறு அமைவதில்லை. 'மேன் பைட்ஸ் டாக்' என்பது இயல்பான தலைப்பு. எழுவாயில் மட்டும் நீக்கி 'மேன் பைட்ஸ் எ டாக்' என்றாலும் ஏற்கலாம். எழுவாயில் வைத்துவிட்டுச் செயப்படுபொருளில் மட்டும் நீக்கிய 'எ மேன் பைட்ஸ் டாக்' என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் செவிக்கு உறுத்துகிறது. டிம் ஸ்டோவெல் முதலிய மொழியியலாளர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்துள்ளனர். இரண்டிலும் நீக்கப்பட்ட எழுத்து ஒன்றே, மிச்சமாகும் இடமும் ஒன்றே. அப்படியிருந்தும் ஒன்று தகும், மற்றது தகாது. இடத்தைக் கணக்கிடும் எந்த விளக்கமும் இதற்கு விடை தராது. தகும், தகாது என்னும் தீர்ப்பு பிறக்குமிடத்தில் இலக்கணம் இருக்கிறது.

4. தொகைநிலை

தலைப்பில் பெயர்கள் உருபும் இடைச்சொல்லும் இன்றி அடுக்கி நிற்கும். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. தொகைநிலைத் தொடரை விரித்துப் பொருள் காண்பது நம் இலக்கணப் பயிற்சியின் ஒரு பகுதி. தொகை ஒன்று இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட மயங்கலாம் என்று நன்னூல் எச்சரிக்கிறது. ஆங்கிலத்தில் மயக்கம் இன்னும் கடுமையானது. அங்கே ஒரே சொல் வடிவம் மாறாமல் பெயராகவும் வினையாகவும் வரும்.

2009இல் 'ஜப்பான் டுடே' தளத்தில் வந்த தலைப்பு ஒன்று: 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் கிராஷ் பிளாசம்ஸ்'. விமான விபத்தோடு தொடர்புடைய வயலின் கலைஞர் ஒருவர் இசையில் மலர்ச்சி பெறுகிறார் என்பது கருத்து. படித்தவர்களோ 'லிங்க்ட்' என்பதையே பயனிலையாகக் கொண்டு, 'கிராஷ் பிளாசம்ஸ்' என்றால் என்ன பூ என்று திகைத்தனர். அதன்பின் இவ்வகைத் தலைப்புகளுக்கே 'கிராஷ் பிளாசம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இம்மயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்ட முடிகிறது. துணைவினை நீங்கிய பயனிலையும் பெயரை விசேடிக்கும் எச்சமும் தலைப்பில் ஒரே வடிவம் பெறுகின்றன. விதி இருப்பதால்தான் மயக்கமும் ஒழுங்காக, எதிர்பார்க்கும் இடத்தில் தோன்றுகிறது.

5. நிறுத்தக்குறிகள்

தலைப்பில் நிறுத்தக்குறிகள் சொற்களின் வேலையைச் செய்கின்றன. காற்புள்ளி 'அண்ட்' ஆகிறது. பிரித்தானிய இதழ்களில் ஒற்றை மேற்கோள்குறி 'இது எங்கள் கூற்றன்று' என்று விலகி நிற்கிறது. முக்காற்புள்ளி 'சொன்னார்' என்னும் வினைக்கு ஈடாகிறது. 1975 அக்டோபர் 30 அன்று நியூயார்க்கின் 'டெய்லி நியூஸ்' வெளியிட்ட 'ஃபோர்ட் டு சிட்டி: டிராப் டெட்' இதற்குப் பெயர்பெற்ற சான்று. கடனில் தத்தளித்த நகரை மைய அரசு மீட்க அதிபர் ஃபோர்ட் மறுத்திருந்தார். 'செத்துத் தொலை' என்று அவர் சொன்னதில்லை. சாராம்சத்தையே கூற்றாக ஆக்கும் வாய்ப்பை அக்குறி இதழுக்குத் தந்தது. நேர்கூற்றா, அயற்கூற்றா என்று பொறுப்பேற்க வேண்டிய இடத்தை இந்த இலக்கணம் திறந்தே விட்டிருக்கிறது.

6. இடம் தளர்ந்தபின்

ஈய அச்செழுத்துக் காலத்தில் துணையாசிரியர்கள் எழுத்தின் அகலத்தையே எண்ணிக் கணக்கிட்டனர். சிறிய எழுத்துகளில் 'எம்', 'டபிள்யூ' ஒன்றரை அலகு, 'ஐ', 'எல்' அரை அலகு. விசாரணைக்குப் 'புரோப்', முயற்சிக்குப் 'பிட்', சச்சரவுக்கு 'ரோ' என்ற குறுஞ்சொற்கள் இக்கணக்கால் செல்வாக்குப் பெற்றன. இன்றைய இணையத் தலைப்புக்குப் பத்தி எல்லை இல்லை. அங்கே தலைப்புகள் நீள்கின்றன, முழுப்பெயர்கள் வருகின்றன, 'ஏன்', 'எப்படி' என்று தொடங்கும் வாக்கியங்கள் பெருகுகின்றன. அப்படியும் நிகழ்கால வினை பெரும்பாலும் தன் இடத்தை விடவில்லை. இடத்தால் வந்தவை இடத்தோடு தளர்கின்றன. செய்தியின் தன்மையால் வந்தவை நிலைக்கின்றன.

தமிழ் நாளிதழ்களும் இதே இடநெருக்கடியில் வளர்ந்தவை. ஆனால் அவை 'லாரி மோதி மூவர் பலி', 'முதல்வர் அறிவிப்பு' என்று பெயரில் முடித்தன. வினையின் காலத்தையே விட்டுவிட்டன. நெருக்கடி பொது, தீர்வு வேறு. தீர்வைத் தேர்ந்தது அந்தந்த மொழியின் இலக்கணம்.

ஆகவே ஆங்கிலத் தலைப்பைப் பிழையான வாக்கியமாகவோ குறைந்த வாக்கியமாகவோ கொள்வது தவறு. ஆங்கிலம் கற்பிப்போர் இதைத் தனிப் பாடமாகவே வகுப்பில் வைக்க வேண்டும். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் தலைப்பின் நிகழ்காலத்தை நிகழ்காலமாகவும் முக்காற்புள்ளிக்குப் பின் வருவதை நேர்கூற்றாகவும் அப்படியே பெயர்த்துவிடக் கூடாது. செய்தியின் உடலைப் படித்த பிறகே தலைப்பை மொழிபெயர்க்க வேண்டும்.