கணினி அறையின் சாவி: இந்தியப் பள்ளிகளில் கணினி நுழைந்த வரலாறு

இந்தியப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுசெல்லும் முதல் தேசிய முயற்சி 1984-85ஆம் கல்வியாண்டில் தொடங்கியது. மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து நடத்திய அத்திட்டம் ‘கிளாஸ்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. பிரிட்டனில் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் கணினி எழுத்தறிவு இயக்கத்திற்காக ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் உருவாக்கிய ‘பி.பி.சி. மைக்ரோ’ என்ற கணினியே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் நினைவகம் 32 கிலோபைட். முன்னோடிக் கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கி, மாநில அரசுகளின் வழியே மொத்தம் 12,000 கணினிகள் நாடெங்கும் வழங்கப்பட்டன.

தொலைபேசி இணைப்புக்கே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அரசுப் பள்ளி மாணவனின் மேசைக்குக் கணினியைக் கொண்டுவர நினைத்தது துணிவான கனவுதான். ஆயினும் கணினி பள்ளிக்குள் நுழைந்த அளவுக்குப் பாடத்திற்குள் நுழையவில்லை. மென்பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. வகுப்பறை மொழியோ தமிழாகவும் இந்தியாகவும் வங்காளமாகவும் இருந்தது. பள்ளிக்குச் சில ஆசிரியர்களே குறுகிய காலப் பயிற்சி பெற்றனர். அவர்கள் இடமாறுதலில் சென்றால் அந்த அறிவும் உடன் சென்றது. தேர்வில் இடமில்லாத ஒன்றுக்குக் கால அட்டவணையிலும் நிலையான இடம் கிடைக்கவில்லை. விலையுயர்ந்த பொருள் பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சம் வேறு. பல பள்ளிகளில் கணினி, பூட்டிய அறைக்குள் காட்சிப் பொருளாயிற்று. அதற்குள் உலகச் சந்தை ஐ.பி.எம். வகைக் கணினிகளின் பக்கம் திரும்பிவிட, பி.பி.சி. மைக்ரோவில் பெற்ற பயிற்சியும் பழையதாகிவிட்டது.

1993இல் மத்திய அரசின் நிதியுதவித் திட்டமாக ‘கிளாஸ்’ விரிவாக்கப்பட்டது. 2004 டிசம்பரில் பள்ளிகளுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம் அதன் இடத்திற்கு வந்தது. இக்காலத்தில் பல மாநிலங்கள் ஒப்பந்த முறையைக் கைக்கொண்டன. தனியார் நிறுவனம் கணினி அறையை அமைக்கும். தன் பயிற்றுநரையே அனுப்பி, பொதுவாக ஐந்தாண்டு நடத்தும். பின்னர் பள்ளியிடம் ஒப்படைத்துவிடும். நிர்வாகத்திற்கு இது எளிய வழி. ஆனால் பள்ளியின் நிரந்தர ஆசிரியர் அந்த அறைக்கு விருந்தாளியாகவே இருந்தார். ஒப்பந்தம் முடிந்து பயிற்றுநர் வெளியேறிய நாளில், அவருக்குக் கையளிக்கப்பட்டவை பழைய இயந்திரங்கள் மட்டுமே.

ஆசிரியரே தேவையில்லை என்னும் அளவுக்குச் சென்ற சிந்தனையும் இதே காலத்தில் பிறந்தது. 1999இல் தில்லி கால்காஜியில், சுகதா மித்ரா ஒரு சுவரில் துளையிட்டுக் கணினியைப் பொருத்தினார். அருகிலிருந்த குடிசைப் பகுதிக் குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே அதை இயக்கப் பழகியது உலகின் கவனத்தை ஈர்த்தது. குழந்தைகளின் ஆர்வத்திற்கு அது நல்ல சான்று. ஆயினும் ஆர்வத்தைக் கணிதமாகவும் அறிவியலாகவும் வரலாறாகவும் வளர்த்தெடுக்கும் நீண்ட உழைப்பைச் சுவர் ஏற்றுக்கொள்ளாது என்று கல்வியாளர் பலர் சுட்டிக்காட்டினர்.

கேரளம் வேறு வழியில் சென்றது. அங்கு 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கப்பட்டபோது, பொதுக் கல்வி ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருக்கலாகாது என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த விவாதத்தின் விளைவாகப் பள்ளிகள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, மலையாளத்தில் இயங்கும் தனி இயங்குதளம் பள்ளிகளுக்கென உருவாயிற்று. பயிற்சி அளித்தவர்களும் வெளியாட்கள் அல்லர். பணியிலிருந்த ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநர்களாகினர். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் கணினி ஒருங்கிணைப்பாளர் ஆனார். தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் இடம்பெற்றது. கணித ஆசிரியர் ஜியோஜீப்ராவில் வடிவியலை விளக்கினார். பாடநூல்கள் மலையாளத்துடன் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாயின. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்களும் தம் மொழியிலேயே கணினியைக் கற்றனர்.

ஆட்சிகள் மாறியபோதும் திட்டம் தொடர்ந்தது. 2005 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்த ‘விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசை, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 ஜூன் 1 முதல் வகுப்பறையாகவே மாறியது. தொலைக்காட்சியும் கைபேசியும் இல்லாத வீடுகள் கேரளத்திலும் இருந்தன. அவற்றின் பிள்ளைகளுக்குப் பொது இடங்களில் பாடம் காண ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. உயர்ந்த எழுத்தறிவும் வலுவான ஆசிரியர் அமைப்புகளும் கேரளத்திற்குத் துணைநின்றன என்பதும் மறுக்க முடியாதது. எனவே அம்முறையை எங்கும் அப்படியே நட்டு வளர்த்துவிட முடியாது. அதன் அடிப்படைப் பாடம் மட்டும் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2023-24ஆம் ஆண்டுத் தரவின்படி, நாட்டின் பள்ளிகளில் 57.2 விழுக்காட்டில் மட்டுமே இயங்கும் கணினி இருந்தது. இணைய வசதி 53.9 விழுக்காட்டில் இருந்தது. முதல் திட்டம் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இதுவே நிலையாக இருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு வகுப்பறையின் வாசலில் நிற்கிறது. திறன்பலகைகளும் கைக்கணினிகளும் கொள்முதல் பட்டியலில் ஏறுகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி தவறினாலும் வீடு கற்றுத்தரும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ பள்ளி ஒன்றே வழி. கருவி எத்தனை வந்தது என்பதை எண்ணுவது எளிது. அதை நாளை காலை எந்த ஆசிரியர், எந்த மொழியில், எந்தப் பாடத்திற்குப் பயன்படுத்துவார் என்ற கேள்விக்குக் கொள்முதலுக்கு முன்பே விடை இருந்தாக வேண்டும். அவ்விடை இல்லாத இடங்களில் கணினி அறை பூட்டியே கிடந்தது என்பதற்கு 1984 முதலான வரலாறு சாட்சி.