டூரிங் விருதும் பெண் கணினி அறிஞர்களும்: நாற்பதாண்டு இடைவெளி (1966–2006)

ஆய்வுச் சுருக்கம்

கணினி அறிவியலின் உயரிய அங்கீகாரமாகிய டூரிங் விருது 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெண் ஒருவர் அவ்விருதைப் பெற நாற்பது ஆண்டுகள் ஆயின. துறையில் பெண்கள் குறைவாக இருந்தமையும், அவர்கள் செய்த பணி விருதுக்குரியதாகக் கருதப்படாமையும் இத்தாமதத்திற்குக் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. தொகுப்பி பற்றிய ஆய்வுகளுக்கு வழங்கப்பட்ட விருதுகளை ஒப்புநோக்கி, இவ்விரு விளக்கங்களும் போதுமானவை அல்ல என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: டூரிங் விருது, கிரேஸ் ஹாப்பர், ஃபிரான்சஸ் ஆலன், ஜான் காக், தொகுப்பி, கணினி வரலாறு

முன்னுரை

ஏ.சி.எம். எனச் சுருக்கமாக வழங்கும் அமெரிக்கக் கணினியியல் சங்கம் 1947இல் தோன்றியது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் பெயரால் அச்சங்கம் நிறுவிய விருது ‘கணினித் துறையின் நோபல்’ என்று போற்றப்படுகிறது. 2014ஆம் ஆண்டு முதல் இதன் பரிசுத்தொகை 10 லட்சம் டாலர். தன்பாலின உறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்டு, 1954இல் மறைந்தவர் டூரிங். அவரைத் தண்டித்த சட்டம் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தபோதே அவர் பெயரில் விருது நிறுவப்பட்டது. 2013இல்தான் அவருக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. அரசு செய்யத் தயங்கியதை ஓர் அறிவியல் சங்கம் முன்னரே செய்தது எனலாம். அத்தகைய சங்கத்தின் விருதுப் பட்டியலில் பெண்களின் பெயர் இடம்பெறத் தாமதமானது ஏன் என்னும் வினா ஆய்வுக்குரியது.

நிரலாக்கமும் பெண்களும்

‘கம்ப்யூட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் முன்னாளில் கணக்கிடும் மனிதரைக் குறித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்காக எறிகணைப் பாதைகளைக் கணக்கிட்டவர்களுள் பெண்கள் பலர். அவர்களுள் அறுவர் எனியாக் கணினிக்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1946 பிப்ரவரியில் அக்கணினி உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டபோது செய்துகாட்டப்பட்ட எறிகணைக் கணக்கீட்டின் நிரலை உருவாக்கியவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் ஆகிய இருவர். ஆயினும் அன்றிரவு நடந்த விருந்துக்கு நிரலர்களாகிய அப்பெண்கள் அழைக்கப்படவில்லை. கணினியைக் கட்டுவது பொறியியல் என்றும், அதனை இயக்கும் நிரலை அமைப்பது எழுத்தர் பணி என்றும் கருதப்பட்ட காலம் அது.

இதனைக் கொண்டு, பெண்கள் ஈடுபட்ட நிரலாக்கப் பணி அறிவியலாக மதிக்கப்படாமையே தாமதத்திற்குக் காரணம் என்று முடிவு செய்யத் தோன்றும். விருதின் வரலாறு இம்முடிவுக்கு இடந்தரவில்லை. மனிதர் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பி, அதாவது கம்பைலர். 1966இல் முதல் டூரிங் விருதைப் பெற்ற ஆலன் பெர்லிஸ், நிரலாக்க நுட்பங்களிலும் தொகுப்பி உருவாக்கத்திலும் ஆற்றிய பங்குக்காகவே அதனைப் பெற்றார். ஃபார்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் 1977இல் விருது பெற்றார். ஆகவே தொகுப்பி ஆய்வு தொடக்கம் முதலே விருதுக்குரிய துறையாக இருந்துள்ளது.

கிரேஸ் ஹாப்பர்: பெயரிலமைந்த விருது

அத்துறையின் முன்னோடிகளுள் கிரேஸ் ஹாப்பர் குறிப்பிடத்தக்கவர். 1952இல் அவர் உருவாக்கிய ஏ-0 இன்றைய பொருளில் முழுமையான தொகுப்பி அன்று; எனினும் நிரலை அமைக்கும் வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கலாம் என்பதை அது காட்டியது. அவருடைய ஃப்ளோமேட்டிக் மொழி, 1959இல் தொடங்கிய கோபால் மொழிக்கு அடிப்படையாயிற்று.

ஹாப்பருக்கு மதிப்புகள் கிடைக்காமல் இல்லை. 1969இல் தரவுச் செயலாக்க மேலாளர்களின் அமைப்பொன்று தன் முதல் விருதை அவருக்கு அளித்தது. அவ்விருதின் பெயர் ‘கணினி அறிவியலில் ஆண்டின் சிறந்த ஆண்மகன்’ என்னும் பொருளுடையது. பெறுபவர் பெண்ணாகவும் இருக்கக்கூடும் என்பதை விருதின் பெயர் எண்ணியும் பார்க்கவில்லை. 1971இல் ஏ.சி.எம். இளம் வல்லுநர்களுக்காக ஹாப்பர் பெயரிலேயே ஒரு விருதை நிறுவியது. அதனை முதலில் பெற்றவர் டொனால்ட் நூத். இவ்விருதுக்கு இன்றுள்ள வயது வரம்பு 35. ஏ-0 உருவான வேளையில் ஹாப்பரின் வயது 45. பிறருக்கு வழங்கப்படும் விருதின் பெயரானார் ஹாப்பர். டூரிங் விருது பெறாமலேயே 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

ஆலனும் காக்கும்

இவ்வாய்வின் மையச் சான்று ஃபிரான்சஸ் ஆலன். நியூயார்க் மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் 1932இல் பிறந்த அவர், கல்விக் கடனை அடைத்துவிட்டு மீண்டும் ஆசிரியப் பணிக்குத் திரும்பும் எண்ணத்துடன் 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட முதல் பணி, புதிதாக வந்திருந்த ஃபார்ட்ரான் மொழியை நிறுவனத்தின் அறிவியலாளர்களுக்குக் கற்பித்தல். 2002இல் ஓய்வு பெறும்வரை அந்நிறுவனத்திலேயே பணியாற்றினார்.

ஒரு நிரலின் பொருள் மாறாமல் அதனை விரைந்து இயங்கச் செய்வது உகப்பாக்கம். இதனை நிரலரின் கைத்திறனாக விட்டுவிடாமல், முறைப்படுத்தப்பட்ட பகுப்பாய்வாக மாற்றியது ஆலனின் சாதனை. இதற்கு அடித்தளமிட்ட கட்டுரையை அவர் எழுதியது, டூரிங் விருது தொடங்கிய அதே 1966இல். ஜான் காக்குடன் இணைந்து உகப்பாக்க மாற்றங்களின் தொகுப்பை 1971இலும், தரவோட்டப் பகுப்பாய்வுக்கான வழிமுறையை 1976இலும் வெளியிட்டார்.

காக் 1987இல் டூரிங் விருது பெற்றார். அவருக்குரிய விருதுரை தொகுப்பி உகப்பாக்கத்தில் அவருடைய கண்டுபிடிப்புகளை விரிவாக எடுத்துரைக்கிறது. ரிஸ்க் எனப்படும் எளிய கட்டளைத் தொகுதிக் கணினி வடிவமைப்பும் அவ்வுரையில் இடம்பெறுவதால், இருவர் பணியும் முற்றிலும் ஒன்றே என்று கூறவியலாது. காக்கின் தகுதியும் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் இருவரும் சேர்ந்து உழைத்த பகுதிக்கான அங்கீகாரம் ஒருவருக்கு 1987இலும் மற்றவருக்கு 2006இலும் கிடைத்தது. இடைவெளி 19 ஆண்டுகள். ஐபிஎம் நிறுவனத்தின் உயரிய மதிப்பாகிய ‘ஃபெலோ’ நிலையைக் காக் 1972இல் அடைந்தார். ஆலன் 1989இல், அந்நிலையை எய்திய முதல் பெண்ணாக அடைந்தார். நிறுவனத்துக்குள்ளும் வெளியிலும் ஏறத்தாழ ஒரே அளவு காலத்தாழ்வு காணப்படுவது கருதத்தக்கது.

துறையில் பெண்கள் குறைவு என்னும் வாதம் விருது பெற்ற பெண்களின் எண்ணிக்கையை ஓரளவு விளக்கும். ஒரே ஆய்வில் பங்குகொண்ட இருவருக்கிடையிலான கால வேறுபாட்டை அது விளக்காது. டூரிங் விருது பரிந்துரையின் வழியே வழங்கப்படுவது. பணி நிகழ்ந்திருந்தால் மட்டும் போதாது; அதனை இன்னாருடையது என்று சொல்லிப் பரிந்துரைக்கச் சகஅறிஞர்கள் முன்வரவேண்டும். கூட்டுழைப்பில் யாருடைய பெயர் முதலில் நினைவுக்கு வருகிறது என்பதே இங்குத் தீர்மானிக்கும் காரணியாகிறது.

2006க்குப் பின்

ஆலனுக்குப் பின் இடைவெளி சுருங்கியது. தரவு அருவமாக்கலையும் நிரல்மொழி வடிவமைப்பையும் வளர்த்த பார்பரா லிஸ்கோவ் 2008இலும், மறையாக்கவியலுக்குக் கணித அடித்தளம் அமைத்த ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலியுடன் இணைந்து 2012இலும் விருது பெற்றனர். கோல்ட்வாசரின் விருது கூட்டாய்வாளருடன் ஒரே ஆண்டில் பகிர்ந்தளிக்கப்பட்டது என்பது ஆலன்–காக் நிகழ்வோடு ஒப்பிடத்தக்கது. எனினும் 2024ஆம் ஆண்டு விருது வரை நோக்கினும் பெண்கள் இம்மூவரே.

முடிவுரை

முதல் டூரிங் விருதே தொகுப்பி ஆய்வை உள்ளடக்கியிருந்ததால், பெண்களின் துறை விருதுக்கு அப்பாற்பட்டிருந்தது என்னும் கருத்து பொருந்தவில்லை. ஆலனின் அடிப்படைக் கட்டுரையும் விருதும் ஒரே ஆண்டில் தோன்றியதால், தகுதியான பணி பின்னரே எழுந்தது என்றும் கூறவியலாது. நாற்பதாண்டு இடைவெளி, பணி இன்மையால் விளைந்ததன்று. கண்முன் இருந்த பணியை அதற்குரியவரின் பெயரோடு இணைக்கத் தவறியதால் விளைந்தது. விருதுப் பட்டியலைச் சாதனையின் வரலாறாகக் கொள்ளும் ஆய்வாளர், அது சாதனை அறியப்பட்ட முறையின் வரலாறும் ஆகும் என்பதை உளங்கொள்ளல் வேண்டும்.