பல்கலைக் கழக வாயிலில் ஒரு முஸாஃபிர்

கல்வி தேடி ஊர் விட்டு ஊர் செல்வோன் இரண்டு கேள்விகளுக்கு விடை கூறியாக வேண்டும். ‘நீ என்ன கற்றிருக்கிறாய்?’ என்பது ஒன்று. ‘நீ எந்த ஊரான்?’ என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கான விடை மதிப்பெண் ஏட்டில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி பார்வைக்கு எளிதாய்த் தோன்றினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கி வருகிறது. அங்கே ஒவ்வொரு மாநிலத்திற்கும் சொந்தப் பல்கலைக் கழகங்கள் உண்டு. அவற்றில் அம்மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம்; வெளி மாநிலத்தவருக்கு அதனினும் பன்மடங்கு உயர்ந்த வேறொரு கட்டணம். நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டுக்கு விண்ணப்பம் எழுதும் காலமாதலின், இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, யார் யாரை அது வருத்தியது என்பதை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

ஐரோப்பியப் பல்கலைக் கழகம் என்னும் அமைப்பே வெளியூராரால் பிறந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் சட்டம் பயில வந்த அந்நிய மாணவர்க்கு அந்நகரில் எவ்வித உரிமையும் இல்லை. தம் நாட்டான் ஒருவன் பட்ட கடனுக்காக, அதனோடு தொடர்பே இல்லாத மாணவன் பிடிபடுவதும் அக்காலத்து வழக்கம். பேரரசர் முதலாம் ஃபிரெடரிக் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பிறப்பித்த சாசனம் ஒன்று, கல்விக்காகப் பயணம் செய்வோரை இவ்வாறு பிடிப்பதைத் தடை செய்தது. அதன் பின்னரும் அந்நிய மாணவர்கள் தம்மைக் காத்துக் கொள்ளச் சங்கமாகத் திரண்டனர். அச்சங்கத்தின் பெயரே நாளடைவில் பல்கலைக் கழகத்தின் பெயராயிற்று. பொலோஞா நகரத்துக் குடிமக்களுக்கு அம்மாணவர் சங்கத்தில் இடமில்லை! ஊர்க்காரனுக்கு நகரத்தின் காவல் இருக்கையில் சங்கத்தின் காவல் எதற்கு என்று கருதினர் போலும்.

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் வேறொரு முறை வளர்ந்தது. ஷாம் நாட்டாருக்கு ஒரு ரிவாக், மக்ரிபியருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவா முதலிய கீழைத் தீவுகளிலிருந்து வந்தோருக்கு ஒன்று என வந்த திசைக்கேற்பத் தங்குமிடங்கள் அமைந்தன. வக்ஃபு சொத்துக்களின் வருவாயிலிருந்து அவர்களுக்கு ரொட்டிப் படி அளக்கப்பட்டது. ‘எந்த ஊர்?’ என்ற கேள்வி அங்கும் கேட்கப்பட்டது. எந்த ரிவாக்கில் பாய் விரிப்பது என்று காட்டுவதற்காக. ஆயினும் எல்லா ரிவாக்குகளுக்கும் ஒரே அளவான வக்ஃபு இருந்ததில்லை. சிலருக்கு நிறைவாகவும் சிலருக்குக் குறைவாகவுமே படி கிடைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1862ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளையில், ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். மாரில் சட்டம் என்பது அதன் பெயர். அதன்படி, ஒரு மாநிலத்திற்கு மத்திய சட்ட மன்றத்தில் உள்ள உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் அரசு நிலம் வழங்கப்பட்டது. அதனை விற்ற பணத்தை மூலதனமாக்கி, உழவும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ வேண்டும் என்பது நிபந்தனை. இன்று உலகப் புகழ் பெற்று விளங்கும் அரசுப் பல்கலைக் கழகங்கள் பல இந்த நிலத்தின் விளைச்சலே. அந்நிலம் யாருடையது? 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 250 செவ்விந்தியக் குடிகளிடமிருந்து பெற்றதும் பறித்ததுமான சுமார் 1 கோடியே 7 லட்சம் ஏக்கர் இவ்வகையில் கைமாறியது என்று கணக்கிட்டது. மண்ணின் மைந்தரை வெளியேற்றிக் கிடைத்த பொருளால் எழும்பிய வாயிலில் நின்றுகொண்டு, ‘நீ இம்மண்ணுக்கு உரியவனா?’ என்று வருவோனை வினவுவது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகவே நமக்குப் படுகிறது.

மாநில அரசின் வரிப்பணமும் இக்கல்விக் கூடங்களில் சேரச் சேர, வரி செலுத்தும் குடும்பத்தின் பிள்ளைக்குச் சலுகை, மற்றவனுக்கு முழு விலை என்னும் வாதம் வலுப்பெற்றது. கலிபோர்னியாவின் உச்ச நீதி மன்றம் 1922இலேயே இவ்வேறுபாடு செல்லுமெனத் தீர்ப்பளித்து விட்டது. இவ்வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூற மாட்டோம். ஒரு மஹல்லாவின் பணத்தில் நடக்கும் மதரஸா, முதலில் அம்மஹல்லாவின் பிள்ளைகளை நினைப்பது இயல்பே. ஆயினும் பதின்மூன்று மாதத்துக்கு முன் குடியேறியவன் எத்தனை வரி செலுத்தியிருப்பான்? பதினொரு மாதத்துக்கு முன் வந்தவன் எத்தனை குறைத்துச் செலுத்தியிருப்பான்? கோடு எங்கே கிழிக்கப்பட்டாலும் அதன் இரு மருங்கிலும் நிற்போர் ஒருவரை ஒருவர் ஒத்தே இருப்பர்.

வெளி மாநிலத்தான் என்னும் இச்சொல், வெளியிலிருந்து வந்தவனைக் குறித்ததோடு நில்லாமல், உள்ளே இருந்தவனை வெளியே துரத்தும் கருவியாகவும் பயன்பட்ட கதை ஒன்று உண்டு. அதனைச் சற்று நின்று நோக்குவது தகும்.

மிசூரி மாநிலத்தில் லிங்கன் பல்கலைக் கழகம் என்று ஒன்றிருக்கிறது. உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பினப் படைவீரர்கள், போர் முடிந்ததும் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து ஆயிரக் கணக்கான டாலர் திரட்டி 1866இல் தொடங்கிய கல்விச்சாலை அது. பல்கலைக் கழகம் என்ற பெயர் 1921இல் அதற்கு வாய்த்தது; ஆனால் சட்டக் கல்லூரி வாய்க்கவில்லை. சட்டம் கற்பிக்கும் மாநிலப் பல்கலைக் கழகமோ கறுப்பரைச் சேர்ப்பதில்லை. இந்த முரண்பாட்டிற்கு மிசூரி அரசு கண்ட வழி மிகத் தந்திரமானது. கறுப்பின மாணவன் பக்கத்து மாநிலங்களான கன்சாஸ், நெப்ராஸ்கா, அயோவா, இல்லினாய் ஆகியவற்றின் பல்கலைக் கழகங்களுக்குச் சென்று பயிலட்டும். அங்கே அவன் கட்ட வேண்டிய கட்டணத்தை மிசூரி அரசே கொடுத்து விடும் என்பது அவ்வழி. பணம் கொடுத்துத் தன் குடிமகனைப் பிற மாநிலத்தில் வெளியூரானாக்கும் ஏற்பாடு!

1911இல் மிஸிஸிப்பியில் பிறந்து, தந்தையை இழந்து, தாயுடன் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து வளர்ந்தவர் லாயிட் கெய்ன்ஸ். லிங்கன் பல்கலைக் கழகத்தில் 1935இல் சிறப்புறத் தேறி, மிசூரி பல்கலைக் கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவருடைய கல்விச் சான்று லிங்கனிலிருந்து வந்ததைக் கண்டதும் பதிவாளர் நிலைமையைப் புரிந்து கொண்டார். லிங்கன் பல்கலைக் கழகத் தலைவரைக் கலந்து பேசுமாறு கெய்ன்ஸுக்கு மறுமொழி சென்றது. தலைவரோ வெளி மாநிலக் கட்டணச் சட்டத்தைச் சுட்டிக் காட்டினார். கெய்ன்ஸ் அதனை ஏற்கவில்லை. மிசூரியில் வழக்குரைஞராக விழைபவன் மிசூரியின் சட்டத்தை மிசூரியிலேயே கற்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதிட்டவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்னும் கறுப்பின அறிஞர். மாநில நீதிமன்றங்களில் தோல்வியே கிட்டியது.

வழக்கு நடந்த காலத்தில் கெய்ன்ஸ் சும்மாயிருக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக் கழகம் சென்று பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். தன் மாநிலம் ஏற்க மறுத்தவரை அயல் மாநிலம் ஏற்றுப் பட்டமும் அளித்தது.

1938ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதி மன்றம் தீர்ப்புரைத்தது. தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதிய அத்தீர்ப்பை அறுவர் ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர். பக்கத்து மாநிலக் கல்லூரிகள் தரமானவையா, பயணம் எத்தனை தொலைவு என்பன வினா அல்ல என்றார் ஹியூஸ். மாநிலம் தன் எல்லைக்குள் வெள்ளையருக்கு அளிக்கும் ஒன்றைத் தன் எல்லைக்குள்ளேயே கறுப்பருக்கும் அளிக்கக் கடமைப்பட்டது. அக்கடமையைப் பிறர் தோளில் இறக்கி வைக்க இயலாது. கேட்பவர் ஒருவரேயாயினும் அவருடைய உரிமை அவருக்குத் தனியுரிமை என்பது தீர்ப்பின் சாரம்.

மிசூரி அரசு அப்போதும் கதவைத் திறக்கவில்லை. 1939இல், முன்னர் அழகுக்கலைக் கல்லூரி இயங்கிய ஒரு கட்டடத்தில் லிங்கனுக்கென அவசரமாக ஒரு சட்டக் கல்லூரியைத் தொடங்கியது. அது வெள்ளையர் கல்லூரிக்கு ஈடாகுமா என்று வாதிட மீண்டும் கெய்ன்ஸ் வேண்டும். ஆனால் கெய்ன்ஸ் இல்லை. 1939 மார்ச் 19ஆம் நாள் மாலை, சிக்காகோவில் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து தபால் தலை வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே சென்றவர் திரும்பவே இல்லை. கொலையுண்டாரா, தாமே மறைந்தாரா என்பது இன்றளவும் துலங்கவில்லை. மனுதாரர் இன்றி வழக்கு முடிந்தது. மிசூரி பல்கலைக் கழகம் கறுப்பினத்தவரைச் சேர்த்துக் கொள்ளத் தொடங்கியது 1950இல். கெய்ன்ஸுக்குச் சட்டத் துறைக் கௌரவப் பட்டத்தை அப்பல்கலைக் கழகம் 2006இல் வழங்கியது. விண்ணப்பித்து 71 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பிற தென் மாநிலங்கள் இத்தீர்ப்புக்குப் பின்னரும் கறுப்பின மாணவருக்குப் பணம் கொடுத்து வெளியே அனுப்பும் முறையைப் பல ஆண்டுகள் தொடர்ந்தன என்பதையும் குறித்து விட்டு மேற்செல்வோம்.

ஒருவன் எப்போது ஓர் ஊருக்கு உரியவனாகிறான்? நம் ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் முஸாஃபிர் எப்போது முகீம் ஆகிறார் என்பதை இமாம்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நிய்யத்துக் கொண்டால் முகீம் என்பர் ஹனஃபிகள். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் என்பர் ஷாஃபிஈகள். உடல் அங்கிருப்பதும் உள்ளத்தின் நாட்டமும் சேர்ந்தே ஊர்க்காரனை உண்டாக்குகின்றன. அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இதே இரண்டு தூண்களின் மீதே நிற்கிறது: அங்கே வசிக்க வேண்டும்; அங்கேயே நிலைக்கும் எண்ணம் வேண்டும். வேறுபாடு என்னவெனில், நம் முஸாஃபிரின் நிய்யத்தை அவரும் அல்லாஹ்வும் அறிந்தால் போதும். பல்கலைக் கழக அலுவலகத்துக்கோ வாக்காளர் பதிவு, வண்டி ஓட்டும் உரிமம், வருமான வரிப் பத்திரம் ஆகியவை சாட்சி சொல்ல வேண்டும். கட்டணத்தைக் குறைக்கும் நிய்யத்தைப் போலியாகக் கூறுவோர் பலராதலின் இதனை நாம் குறை கூறவில்லை.

கனெக்டிகட் மாநிலம் இதனினும் ஒரு படி கடுமையாகச் சென்றது. மணமானவர் விண்ணப்பிக்கும் வேளையில் வெளி மாநில முகவரி உடையவரானால், படிப்பு முடியும் வரை அவர் வெளி மாநிலத்தவரே; இடையில் எது மாறினும் மாறாது என்று அங்கே சட்டம் எழுதினர். மணமாகாதவர்க்கு முந்திய ஓராண்டுக் காலம் முழுவதும் கணக்கில் வந்தது. 1971இல் ஒரு பெண் கலிபோர்னியாவிலிருந்து விண்ணப்பித்தாள். கனெக்டிகட்டிலேயே வாழ்ந்து வந்த ஒருவரை மணந்து, அங்கேயே குடியேறினாள். அவளுடைய வாக்குரிமையும் வண்டிப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் கனெக்டிகட்டிலேயே. இரண்டாவது பருவத்தில் ஊர்க்கார மாணவி 175 டாலர் கட்டிய இடத்தில் இவள் 425 டாலர் கல்விக் கட்டணமும், வெளியாள் என்பதற்காக மேலும் 200 டாலரும் கட்ட நேர்ந்தது. கணவன் ஊரில் குடியிருந்தும் அவள் ஊர்க்காரி ஆகவில்லை!

விளாண்டிஸ் எதிர் கிளைன் என்னும் அவ்வழக்கில் உச்ச நீதி மன்றம் 1973 ஜூன் 11இல் அச்சட்டத்தை வீழ்த்தியது. வெளியாரிடம் கூடுதல் கட்டணம் பெற மாநிலத்துக்கு உரிமை உண்டு. ஆனால் ‘நான் இவ்வூரான் ஆகிவிட்டேன்’ என்று மெய்ப்பிக்கும் வாய்ப்பையே ஒருவருக்கு மறுக்கும் உரிமை இல்லை என்றார் நீதிபதி ஸ்டூவர்ட். ஓராண்டு காத்திருப்பது போன்ற நியாயமான தவணையை அது தடுக்கவில்லை. மின்னசோட்டாவின் ஓராண்டு விதியை அதே மன்றம் 1971இல் ஏற்றிருந்தது. ஆகவேதான் பல மாநிலங்களில் ஓராண்டு என்னும் தவணை இன்றும் நின்று நிலவுகிறது.

அண்டை மாநிலங்கள் கூடிப் பேசிச் சுமையைக் குறைத்துக் கொண்டதும் உண்டு. மேற்கு மாநிலங்கள் 1980களின் பிற்பகுதியில் செய்து கொண்ட ஏற்பாட்டில், உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் அண்டை மாநில மாணவர் செலுத்த வேண்டுவதில்லை. மறுபுறம், வட கரோலினா 1986இல், புதிதாகச் சேரும் மாணவரில் வெளி மாநிலத்தவர் நூற்றுக்கு 18க்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டியது. வெர்மாண்ட் போன்ற மக்கள் தொகை குறைந்த மாநிலத்தின் பல்கலைக் கழகமோ வெளியாரையே பெரும்பான்மையாகக் கொண்டு வாழ்கிறது. அரசு மானியம் சுருங்கிய காலங்களில், வெளியாரின் உயர் கட்டணமே ஊர்க்காரனின் சலுகையைத் தாங்கி நின்றது என்பதையும் அறிந்தோர் அறிவர்.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? மேரிலாந்து பல்கலைக் கழகத்தில் எழுந்த ஒரு வழக்கு இதற்கு வெளிச்சம் தருகிறது. பன்னாட்டு வங்கிகளில் பணி புரிந்த அயல்நாட்டாரின் பிள்ளைகள், அம்மாநிலத்திலேயே வளர்ந்தும், உள்ளூர்க் கட்டணம் மறுக்கப்பட்டனர். அப்பணியாளர்கள் தம் சம்பளத்துக்கு மாநில வருமான வரி செலுத்துவதில்லை என்பது பல்கலைக் கழகம் கூறிய காரணங்களுள் ஒன்று. 1978இலும் பின்னர் 1982இலும் உச்ச நீதி மன்றம் மாணவர் பக்கம் நின்றது. அவர்கள் நாட்டில் நுழைந்த அனுமதிச் சீட்டின் வகையில், சொந்த நாட்டு வாசத்தைக் கைவிட மாட்டேன் என்னும் உறுதிமொழி கேட்கப்படவில்லை. ஆதலின் அங்கேயே நிலைக்க நிய்யத்துக் கொள்ள அவர்களுக்குத் தடையில்லை என்பதே அதன் அடிப்படை.

இங்கிருந்து செல்லும் மாணவன் பெறும் எஃப்-1 என்னும் விசாவோ வேறு வகையினது. தன் நாட்டில் தனக்கு வசிப்பிடம் உண்டு, அதனைக் கைவிடும் எண்ணம் தனக்கு இல்லை என்று உறுதி கூறினாலன்றி அது கிடைக்காது. அதனால் பெரும்பாலான மாநிலங்களில் அவன் நான்காண்டு தங்கினும் ஊர்க்காரன் ஆவதில்லை. ஓராண்டுத் தவணையும் அவனுக்குப் பயன்படுவதில்லை. ஆகவே, அரசுப் பல்கலைக் கழகம் என்ற பெயரைக் கண்டு கட்டணம் குறைவாயிருக்கும் என்று எண்ணும் பெற்றோர், விண்ணப்பத்தை நிரப்புமுன் வெளியாருக்குரிய கட்டணப் பட்டியலைப் பார்த்து, அதனை நான்கால் பெருக்கிக் கொள்வது நலம்.