செக்றோலும் ஐவர்சன் குறியீடும்

ஊவா மாகாணத் தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் திறக்கப்பட்ட புத்தகம் செக்றோல் ஆகும். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை என எப்பகுதித் தோட்டமாயினும் அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. இடப்புறம் மேலிருந்து கீழாகத் தொழிலாளர் பெயர்கள். மேற்புறம் மாதத்தின் நாட்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அன்றைய 'பேர்' அல்லது 'அரைப்பேர்'. கொழுந்தெடுப்போர்க்கு நாளுக்குப் பெரும்பாலும் மூன்று நிறுவைகள் உண்டாதலின், அவற்றையும் சேர்த்து நோக்கின் ஆள், நாள், நிறுவை என்னும் மூன்று அச்சுகளையுடைய ஓர் எண்ணணி அமையும்.

இவ்வணியை இருவேறு திசைகளிற் கூட்டுவது தோட்டக் கணக்கின் வழக்கம். பேர்களை வரிசைவழிக் கூட்டினால் தொழிலாளியின் மாதப் பேர் கிடைக்கும். அவர் கூலிக்கு அதுவே அடிப்படை. நிரல்வழிக் கூட்டினால் அன்று வேலைக்கு வந்த தொகை கிடைக்கும். தம் ஆட்களுள் வேலைக்கு வந்தோரின் தலையெண்ணிக்கைப்படி பெரிய கங்காணி பெற்ற 'பென்ஸ் காசு' அதனைச் சார்ந்தது. வரிசைத் தொகைகளின் மொத்தமும் நிரல் தொகைகளின் மொத்தமும் ஒத்திருத்தல் வேண்டும்; ஒவ்வாவிடின் எங்கோ பிழை உண்டு. கூட்டல் என்னும் செயல் ஒன்றே. அதனை எத்திசையிற் செலுத்துவது என்பது வேறொரு செயல்.

இவ்விரண்டையும் குறியீட்டிலேயே பிரித்துக் காட்டியவர் கனடா நாட்டவரான கென்னத் ஐவர்சன் (1920–2004). ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1954இல் அவர் அளித்த ஆய்வேடு, பொருளியற் கணக்கொன்றை இயந்திரத்தால் தீர்ப்பதைப் பற்றியது. அங்கே கற்பித்த காலத்தில் அவர் வகுக்கத் தொடங்கிய குறியீடு 1962இல் நூலாக வெளிவந்து, பின்னர் ஏ.பி.எல். என்னும் கணினிமொழியாயிற்று. அதில் + என்பது கூட்டல். அதனருகே ஒரு சாய்கோடு சேர்த்து +/ என எழுதின், 'வரிசை முழுவதையும் கூட்டுக' என்பது பொருள். + இருந்த இடத்திற் × வரின் முழுப் பெருக்கமாகும். எண்களின்மேல் நேரே தொழிற்படாது, ஒரு சார்பை ஏற்று மற்றொரு சார்பைத் தருவதாதலின், இச்சாய்கோடு சார்பின்மேற் சார்பு எனப்படும்.

தமிழ் கற்றார்க்கு இது புதிதன்று. 'செய்' என்பதனோடு 'வி' சேர்ந்தால் 'செய்வி' என்றாகும். அதனோடு மேலும் 'பி' சேர்ந்தால் 'செய்விப்பி' என்றாகும். இவ்விரட்டை ஏவலுக்குப் பவணந்தியார் நன்னூலில் விதி கூறியுள்ளார். துரை கணக்கப்பிள்ளையைக் கொண்டும், கணக்கப்பிள்ளை கங்காணியைக் கொண்டும் வேலை செய்விப்பித்த தோட்டத்தில் இவ்விகுதிகளுக்கு உதாரணம் தேடவேண்டுவதில்லை. ஐவர்சனும் றொஜர் ஹூயியும் 1990 அளவில் ஆக்கிய ஜே மொழியில், பெயர், வினை, வினையடை என்னும் இலக்கணச் சொற்களையே கலைச்சொற்களாக ஆண்டமை ஈண்டு நோக்கற்பாலது.

இனி, இத்தகைய செயலை மீண்டும் மீண்டும் செலுத்தினால் நிகழ்வது யாது? நிறுவை அணியின்மேல் +/ ஒருமுறை செல்ல, நிறுவை அச்சு மறைந்து நாட்கொழுந்து எஞ்சும். இரண்டாம் முறை நாளச்சு மறைந்து ஆளுக்கு ஒரு தொகை எஞ்சும். மூன்றாம் முறை ஆளும் மறைந்து ஓர் எண்ணே எஞ்சும். 'இத்தனை முறை செய்க' என எண் கொடுத்து ஏவும் குறி பின்வந்த ஏ.பி.எல். வகைகளில் உண்டு. 'விடை மாறாதிருக்கும் வரை செய்க' எனவும் ஏவலாம். தனியெண்ணைக் கூட்டினும் அதுவே வருமாதலின் செயல் அங்கே தானே நின்றுவிடும்.

அவ்வோரெண்ணிலிருந்து மீள வழியில்லை. 34 இறாத்தல் என்பது 9, 14, 11 ஆகிய நிறுவைகளின் தொகையாகலாம்; 10, 10, 14 ஆகியவற்றின் தொகையுமாகலாம். கொழுந்தில் இதனால் விளையும் தீங்கு சிறிது. கடனில் அவ்வாறன்று. தோட்டம் பெரிய கங்காணியின் பொறுப்பில் முன்பணம் கொடுத்தது; அவர் சில்லறைக் கங்காணிகள் வழியாகத் தொழிலாளருக்குப் பகிர்ந்தார். தோட்டம் மாறும்போது எழுதப்பட்ட 'துண்டு', இன்ன தொகை செலுத்தப்படின் இந்த ஆட்கட்டு விடுவிக்கப்படும் என்றது. பலருடைய கடன்கள் பல காலத்தனவாயினும் துண்டில் நின்றது ஒரு மொத்தமே. தன் பங்கு எவ்வளவு என்று கேட்கும் தொழிலாளிக்கு அத்துண்டில் விடை இல்லை. எழுத்தறியாமையையே இதற்குக் காரணமாகக் கூறுவது போதாது. எழுத்தறிந்தவரும் அத்தொகையைப் பிரித்தறிந்திருக்க முடியாது. இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஐவர்சன் மரபில் வேறொரு சாய்கோடும் உண்டு. எதிர்ப்புறம் சாய்ந்த அக்கோட்டை இட்டு +\ என எழுதின், இறுதித் தொகையோடு இடைத்தொகைகளும் வரிசையாக வரும்: 9, 23, 34. அடுத்தடுத்த தொகைகளைக் கழித்தால் 9, 14, 11 என மூல எண்கள் மீளக் கிடைக்கும். ஆள்வாரியாக இவ்வாறு எழுதப்பட்ட கடன்கணக்கில், எந்நாளில் எவ்வளவு ஏறியது என்பதை எவரும் கழித்துக் காணலாம்.