தேற்றாங்கொட்டையும் 4 கிராம் பொட்டலமும்

கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க நம்ம பாட்டிமார் தேற்றாங்கொட்டையை உரசினார்கள். தண்ணி தெளியும், கிருமி சாகாது. அந்த ரெண்டாவது வேலையையும் சேர்த்துச் செய்த ஒரு பொடியின் கதையைத் தேடிப் படித்தேன்.

பி அண்ட் ஜி நிறுவனம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோடு சேர்ந்து உருவாக்கியது. 4 கிராம் பொட்டலம், 10 லிட்டர் தண்ணீர். கொட்டிக் கலக்கி, துணியில் வடித்து, அரைமணி நேரத்தில் குடிக்கலாம். ஃபெரிக் சல்ஃபேட் அழுக்கைத் திரட்டி அடியில் இறக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும்.

முதலில் இதைக் கடைச்சரக்காகத்தான் விற்றார்கள். லாபம் வரவில்லை. 2004-இல் தொண்டுத் திட்டமாக மாற்றினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் சுனாமி. பொட்டலங்கள் நிவாரணமாய்ப் போயின.

எனக்கு உறுத்துவது இதுதான்: நல்ல தண்ணி யாருக்கு அதிகம் தேவையோ, அவரிடம்தான் காசு இல்லை. ஆபத்துக்குப் பொட்டலம் உதவும். ஆனால் மறுநாள் இன்னொன்று வேணுமே! ஊருக்குக் குழாய் வரும்வரை அந்தக் கை நீட்டியபடிதான் இருக்கும்.