எதிரிக்கு எதிரி: பாக்டீரியாவை அழிக்கும் வைரஸின் கதை

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பது பழமொழி. நோய்க் கிருமியை இன்னொரு கிருமியைக் கொண்டு அழிக்க முடியுமா? முடியும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு விஞ்ஞானி கூறினார். உலகம் அதைச் சில காலம் நம்பியது; பிறகு மறந்தது; இப்போது மீண்டும் தேடிச் செல்கிறது. அந்தக் கதையை இங்கே காண்போம்.

ஆற்று நீரில் ஒரு புதிர்

1896-ஆம் ஆண்டு. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், கங்கை, யமுனை ஆறுகளின் நீர் காலராக் கிருமிகளைக் கொல்வதைக் கண்டு வெளியிட்டார். நுண்ணிய வடிகட்டியில் வடித்த பிறகும் நீரில் அந்த ஆற்றல் இருந்தது. கொதிக்க வைத்தால் மறைந்தது. காரணம் அப்போது விளங்கவில்லை.

1915-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் ட்வார்ட் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். 1917-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்த பெலிக்ஸ் டி ஹெரல் புதிரை அவிழ்த்தார். சீதபேதி நோயாளிகளின் மலத்தை வடிகட்டி, அந்த நீரைச் சீதபேதிக் கிருமிகள் வளரும் தட்டில் இட்டார். கிருமிகள் படர்ந்திருந்த பரப்பில் ஆங்காங்கே தெளிந்த புள்ளிகள் தோன்றின. அந்த இடங்களில் கிருமிகள் மாண்டிருந்தன! பாக்டீரியாவைத் தாக்கி வாழும் வைரஸே இதற்குக் காரணம் என்று முடிவு செய்து, அதற்கு 'பாக்டீரியோபேஜ்' என்று பெயரிட்டார். 'பாக்டீரியாவை உண்பது' என்பது இதன் பொருள். சுருக்கமாகப் 'பேஜ்' என்போம்.

இது எவ்வாறு கொல்கிறது? பேஜ் தனக்குரிய பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். பாக்டீரியாவின் உறுப்புகளையே பயன்படுத்தித் தன்னைப் போன்ற பல பிரதிகளை உண்டாக்கும். இறுதியில் பாக்டீரியா வெடித்துச் சாகும். வெளிவந்த பேஜ்கள் அடுத்த பாக்டீரியாக்களைத் தேடிச் செல்லும். மனித உயிரணுக்களை இவை தாக்குவதில்லை.

புகழும் மறதியும்

1919-ல் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில், சீதபேதியால் வாடிய 12 வயதுச் சிறுவனுக்கு டி ஹெரல் பேஜ் மருந்தைக் கொடுத்தார். தீங்கில்லை என்று உறுதி செய்வதற்காக அவரும் மருத்துவர்களும் முதலில் தாமே அதைக் குடித்துப் பார்த்தனர். சிறுவன் தேறினான். 1927-ல் அவர் இந்தியாவிலும் காலராவுக்கு இம்முறையைச் சோதித்தார்.

ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் 1923-ல் ஜார்ஜ் எலியாவா நிறுவிய ஆய்வு நிலையம் பேஜ் ஆராய்ச்சியின் மையமாக வளர்ந்தது. டி ஹெரலும் அங்கு சென்று உழைத்தார். ஆனால் 1937-ல் எலியாவா ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். அவர் நிறுவிய நிலையம் மட்டும் இன்றும் இயங்குகிறது.

மேற்கு நாடுகளில் நிலைமை வேறு. அன்று பேஜ் என்றால் என்ன என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. மருந்துகள் தூய்மையாகவும் இல்லை. ஓரிடத்தில் பலித்தது மற்றோரிடத்தில் பலிக்கவில்லை. 1940-களில் பெனிசிலின் பெருமளவில் உற்பத்தியாயிற்று. ஒரே மருந்து பலவகைக் கிருமிகளைக் கொல்லும்போது, ஒவ்வொரு கிருமிக்கும் தனி பேஜ் தேடுவானேன்? பேஜ் மருத்துவம் மறக்கப்பட்டது.

மீண்டும் ஒரு தேவை

பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-லேயே எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்தைப் பயன்படுத்தினால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று. அவ்வாறே நடந்தது. 2019-ல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

2015 இறுதியில் எகிப்து சென்ற டாம் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாவால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவர் மனைவி ஸ்டெபானி ஸ்ட்ராத்டி தொற்றுநோய் நிபுணர். நாடெங்கும் ஆய்வாளர்களுக்கு எழுதிப் பேஜ் தேடினார். 2016 மார்ச்சில் சிகிச்சை தொடங்கியது. சில நாட்களில் பாக்டீரியா அந்தப் பேஜ்களையும் எதிர்க்கத் தொடங்கியது! புதிய பேஜ் ஒன்று சேர்க்கப்பட்டது. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தும் உடன் அளிக்கப்பட்டது. அவர் பிழைத்தார்.

இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்?

இங்குதான் சுவையான செய்தி இருக்கிறது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா தன்னுள் புகும் மருந்தைச் சிறு பம்பு போன்ற அமைப்பால் வெளியே தள்ளிவிடும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குளத்து நீரிலிருந்து ஒரு பேஜைப் பிரித்தெடுத்தனர். அது ஒட்டிக்கொள்ளும் இடமே அந்தப் பம்புதான்!

இப்போது பாக்டீரியாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். பம்பை வைத்துக்கொண்டால் பேஜ் கொல்லும். பேஜிடமிருந்து தப்பப் பம்பை மாற்றிக்கொண்டால், மருந்து உள்ளே தங்கிக் கொல்லும். 2016-ல், செயற்கை இரத்தக் குழாயில் நீண்டகாலத் தொற்றுடன் துன்பப்பட்ட நோயாளி ஒருவருக்கு இந்தப் பேஜும் செப்டாசிடைம் மருந்தும் சேர்த்து அளிக்கப்பட்டன, தொற்று அடங்கியது.

பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று, பல நாடுகளில் சிகிச்சை பெற்ற 100 நோயாளிகளின் விவரங்களை 2024-ல் வெளியிட்டனர். சுமார் 77 விழுக்காடு தொற்றுகளில் நோய் தணிந்தது. ஆன்டிபயாடிக் சேர்க்காதபோது பாக்டீரியா முற்றிலும் ஒழியும் வாய்ப்பு குறைந்தது.

எனினும் அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. இந்த நூறு பேரும் பேஜ் பெற்றவர்களே, பெறாதவர்களோடு ஒப்பிடப்படவில்லை. தீக்காயத் தொற்றுக்கு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முறைப்படி ஒப்பிட்டு நடந்த சோதனையில், வழக்கமான மருந்தைவிடப் பேஜ் மெதுவாகவே செயல்பட்டது. சேமிப்பில் அதன் வீரியம் குன்றியிருந்தது தெரியவந்தது. மேலும், சரியான பேஜைத் தேடிப் பிடிக்க நாளாகும். சில பேஜ்களும் மருந்துகளும் ஒன்றையொன்று தடுப்பதும் உண்டு. எந்தப் பேஜை எந்த மருந்தோடு சேர்ப்பது என்பதை ஒவ்வொரு முறையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தே அறிய வேண்டும்.

ஆகவே பேஜ் வந்துவிட்டது, இனி ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். பேஜுக்குத் துணையாகவும் அந்த மருந்துகளே வேண்டும். அவற்றின் ஆற்றல் குன்றாமல் காப்பது நம் கடமை. மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொள்ளாதீர்கள். சளிக் காய்ச்சலுக்கு அது பயன்படாது. மருத்துவர் கொடுத்தால், அவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் தவறாது உட்கொள்ளுங்கள்.

ஹாங்கின் ஆராய்ந்த ஆற்று நீரிலும், யேல் ஆய்வாளர்கள் எடுத்த குளத்து நீரிலும் இருந்த பேஜ்கள் நம் ஊர்ச் சாக்கடையிலும் உள்ளன. அவற்றுள் நமக்கு உதவுபவை எவை என்று கண்டறிவது, இன்று நுண்ணுயிரியல் பயிலும் மாணவர்கள் முன் உள்ள பணி.