கடாரத்தை யார் கண்ணால் காண்பது? – கணினி விளையாட்டுகளும் நம் வரலாற்றுக் களமும்



"பிள்ளை எந்நேரமும் கணினி விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கிறான்" என்பது பெற்றோர் சந்திப்பு நாளில் தவறாமல் காதில் விழும் முறையீடு. எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்று எல்லாரும் கேட்கிறோம். எந்த நாட்டில், எந்தக் காலத்தில், யாராக இருந்து விளையாடுகிறான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வகை விளையாட்டுகளை ஆடி வருபவன் என்ற முறையிலும், தமிழ்ப்பள்ளியில் வரலாறு கற்பிப்பவன் என்ற முறையிலும் எனக்கு இந்த இரண்டாவது கேள்வியே பெரிதாகப் படுகிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

விளையாட்டுகளில் பல வகை உண்டு. அவற்றுள் ஒன்று பாத்திரமேற்பு விளையாட்டு. பிள்ளைகள் இதனை 'ஆர்.பி.ஜி.' என்பர். ஆடுபவர் ஒரு கதைமாந்தராக மாறி, ஓர் உலகத்துள் நடந்து, அங்குள்ளவர்களுடன் உரையாடி, தாமே முடிவெடுத்து, அம்முடிவின் விளைவையும் தாமே ஏற்க வேண்டும். அந்த உலகத்தையே 'களம்' என்று இங்குக் குறிப்பிடுகிறேன்.

ஒரு மொழியாசிரியர் படைத்த களம்

இவ்விளையாட்டுகளுள் பெரும்பாலானவற்றின் களம் ஒன்று போலவே இருக்கும். கற்கோட்டை, பனி மலை, வாளேந்திய வீரன், கூர்ங்காது கொண்ட வனமாந்தர், குகைக்குள் புதையல் காக்கும் பறவைநாகம். பினாங்கில் வெயிலில் வேர்த்து வீடு திரும்பும் பிள்ளை, கணினியைத் திறந்ததும் ஐரோப்பியக் குளிர்காட்டில் நடக்கத் தொடங்குகிறான். இது ஏன்?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கீன். அவர் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அவர் முதலில் உருவாக்கியவை மொழிகள். அம்மொழிகளைப் பேசுவதற்கு மக்கள் வேண்டும், மக்களுக்கு நாடும் வரலாறும் வேண்டும் என்றே அவருடைய கதையுலகம் விரிந்தது. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதற்குக் கணினி தேவையில்லை. தாள், எழுதுகோல், பகடை, கதை சொல்ல ஒருவர் இருந்தால் போதும். டோல்கீனின் குள்ள மாந்தர்கள் அதே பெயரோடு அதில் இடம்பெற்று, உரிமை பெற்றவர்களின் எதிர்ப்புக்குப் பின்னர்ப் பெயர் மாற்றப்பட்டனர் என்பதே அதன் தாய்வீட்டைக் காட்டிவிடும்.

1981 இல் 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகியவை இம்முறையைக் கணினிக்குள் கொண்டு வந்தன. அவற்றை விரும்பி ஆடிய ஜப்பானியர் யூஜி ஹோரி 1986 இல் 'டிராகன் குவெஸ்ட்' படைத்தார். மறு ஆண்டு 'ஃபைனல் ஃபேன்டசி' வந்தது. இப்படியாக ஓர் ஆங்கில மொழியாசிரியரின் கனவு, அமெரிக்கா வழியாக ஜப்பானைச் சென்றடைந்து, அங்கிருந்து நம் வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டது.

விருந்தாளிகளாக நம் பெயர்கள்

இந்தக் களங்களில் நம் பெயர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1990 இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி' மூன்றாம் பாகத்திலிருந்து 'சிவா' என்றொரு பாத்திரம் வருகிறது. யார் தெரியுமா? பனிக்கட்டியை வீசும் ஒரு பெண்! தில்லையும் இல்லை, திருநீறும் இல்லை. பெயர் மட்டும் கடல் கடந்து போயிருக்கிறது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1985 இல் ரிச்சர்ட் கேரியட் படைத்த 'அல்டிமா' நான்காம் பாகத்தில் இறுதியில் கொல்ல வேண்டிய கொடியவன் என்று எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, ஈகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு நற்பண்புகளிலும் ஆடுபவர் தேர்ச்சி பெற்று 'அவதார்' ஆக வேண்டும். கண் தெரியாத வணிகப் பெண்ணுக்குக் காசைக் குறைத்துக் கொடுத்தால், பின்னர் அது உங்கள் வாய்மைக் கணக்கில் கழியும். 'அவதாரம்' என்ற சொல்லின் பொருளை ஓரளவேனும் உணர்ந்து எடுத்தாண்ட ஆட்டம் அது. ஆயினும் அதன் களமும் கோட்டையும் கொத்தளமும் கொண்ட ஐரோப்பியச் சாயல் நாடுதான்.

சொந்த மண்ணைக் களமாக்கியவர்கள்

பிற நாட்டினர் என்ன செய்தனர்? செக் நாட்டின் பிராகா நகரத்து நிறுவனம் ஒன்று 2018 இல் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. காலம் 1403. இடம் பொகீமியா நாட்டுப்புறம். மந்திரமும் இல்லை, பறவைநாகமும் இல்லை. கதைத்தலைவன் அரசனும் அல்லன். ஸ்கலிட்ஸ் என்னும் சிற்றூரில் வாழும் கொல்லன் மகன். படையெடுப்பில் தன் ஊர் எரிவதைக் காண்கிறான். எழுத்தறியாதவன் ஆகையால், நூல்கள் அவன் கண்ணுக்கு வெறும் கிறுக்கலாகவே தெரியும். முயன்று கற்றால்தான் எழுத்துகள் புலப்படும். கல்வியின் அருமையை இதைவிட எளிதாக ஒரு பிள்ளைக்கு எப்படி உணர்த்துவது? (ஆனால் இது பெரியவர்களுக்கான விளையாட்டு. தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஏற்றதன்று.)

சீனர்கள் 2024 இல் 'பிளாக் மித்: வூகோங்' விளையாட்டை வெளியிட்டனர். சீனத் துறவி சுவான்சாங் இந்தியாவுக்கு வந்த பயணத்தை அடியொற்றிப் பிறந்த பழங்கதையே அதற்கு மூலம். ஷான்சி மாநிலத்தின் பழங்கோயில்கள் பலவற்றை நுட்பமாகப் படமெடுத்து அப்படியே களத்தில் அமைத்தனர். விளையாட்டை ஆடியவர்கள் அந்தக் கோயில்களை நேரில் காணத் திரண்டு சென்றனர்.

தமிழர் பங்கும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கனடாவின் தொரந்தோவில் உருவான 'வெண்பா' 2023 இல் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையே அதன் களம். இட்லி அவிப்பதும் பிரியாணி சமைப்பதும் ஆட்டம். மகன் தாய்மொழியை விட்டு விலகிச் செல்வது கதை. 2024 இல் பிரிட்டனின் பாஃப்டா, முதல் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. அளவில் சிறியதுதான், ஆயினும் களம் நம்முடையது.

நம் கண்ணெதிரே ஒரு களம்

வானம் தெளிந்த நாளில் பினாங்குக் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கினால் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு அதுவே அடையாளக் குறி. அதன் அடிவாரத்தில் உள்ளது பூஜாங் பள்ளத்தாக்கு. அதுவே பழைய கடாரம். பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார்.

சுவான்சாங்கிற்குப் பிறகு வந்த மற்றொரு சீனத் துறவி யீஜிங். 671 இல் குவாங்சோவில் கப்பலேறி, சிறீவிசயத்தில் தங்கி, கடாரம் வந்து, இங்கிருந்து நக்காவரத் தீவுகள் வழியாக இந்தியா சென்றார். முதல் துறவியின் பயணம் உலகம் வியக்கும் விளையாட்டாகிவிட்டது. நம் வாசல் வழியே நடந்து போன இரண்டாம் துறவியை நம் பிள்ளைகளுக்கு யார் காட்டினார்கள்?

சுங்கை பத்துவில் 2009 முதல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது இரும்பு உருக்கும் உலைகளும், காற்றூதும் மண்குழாய்களும், ஆற்றங்கரைப் படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. காலக்கணிப்பில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சோழர் கப்பல் இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே இரும்பு உருகியது என்பதில் ஐயமில்லை.

பிறகு வந்தது 1025. இராசேந்திர சோழனின் கடற்படை சிறீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. அவனுடைய மெய்க்கீர்த்தியைப் படித்தவர்கள் அறிவார்கள்: பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், மாநக்கவாரம் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஒவ்வோர் ஊரின் அரணும் இயல்பும் அடைமொழியாகச் சொல்லப்படும். இன்றைய விளையாட்டின் நிலைப்பட்டியலைப் போலவே இருக்கிறது என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு!

உண்மையிலேயே அது விளையாட்டாகவும் ஆகிவிட்டது. 2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்திற்கு வந்த இணைப்பில் திராவிடர் தனி இனமாகச் சேர்க்கப்பட்டனர். இராசேந்திரனின் படையெடுப்புகளைக் கொண்ட போர்த்தொடரும் உண்டு. 2025 இல் வெளியான 'சிவிலைசேஷன்' ஏழாம் பாகத்திலும் சோழர் இடம்பெற்றனர். நம் பிள்ளைகள் பெருமைப்படுகிறார்கள். நானும் மகிழ்ந்தேன்.

மேலிருந்து காண்பதும் நடந்து காண்பதும்

ஆனால் இங்கேதான் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இவை இரண்டும் போர்த்திற, ஆட்சித்திற விளையாட்டுகள். ஆடுபவர் வானத்திலிருந்து கீழே நோக்குகிறார். ஊர் என்பது பிடிக்க வேண்டிய புள்ளி. மக்கள் என்போர் எண்ணிக்கை. பாத்திரமேற்பு விளையாட்டில் நிலைமை வேறு. தரையில் நடக்கிறோம், எதிர்ப்படுபவருக்குப் பெயர் இருக்கிறது, அவர் வீடு எரிந்தால் நமக்குச் சுடுகிறது. கடாரம் இதுவரை முதல் வகைக்குள்தான் நன்கு புகுந்திருக்கிறது. 'கடாரம் கொண்டான்' கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகளுக்கு, கடாரத்தில் குடியிருந்தவன் கண் இன்னும் வாய்க்கவில்லை.

பினாங்கில் வாழும் தமிழ்ப்பிள்ளைக்கு இது வெறும் நுணுக்கம் அன்று. கடாரம் அவனுக்கு எதிரி நாடா, சொந்த மண்ணா? வரலாறு தரும் விடை ஒற்றை வரியில் அடங்காது. 1025க்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இராசராச சோழன் வழங்கினான். ஹாலந்து நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டதால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றவை சொல்லும் செய்தி இது. அக்கொடையை நிலைபெறச் செய்தவனும் அதே இராசேந்திரன்தான்! படையெடுப்புக்குப் பின்னர், 1088 இல் சுமத்திராவின் பாரூசில் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் கல்வெட்டு நட்டனர். 1090 அளவில் கடாரத்துத் தூதர் குலோத்துங்க சோழனிடம் வந்து விகாரத்தின் உரிமைகளை உறுதி செய்துகொண்டனர். போர் ஓராண்டு, உறவு பல நூற்றாண்டு.

தாளும் பகடையும்

இத்தகைய விளையாட்டைச் செய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டுமே என்பீர்கள். தொடக்கத்தில் சொன்னதை நினைவுகூருங்கள். இவ்வகை ஆட்டம் பிறந்தது தாளிலும் பகடையிலும்தான். வரலாறு 2014 முதல் தொடக்கப்பள்ளியில் தனிப்பாடம். அதை ஒட்டி என் மாணவர்களுடன் ஒரு சிறிய ஆட்டம் நடத்தி வருகிறேன். கரும்பலகையில் ஆறும் மலையும் வரைவேன். ஒருவர் படகோட்டி, ஒருவர் மணி விற்பவர், ஒருவர் இரும்பு உருக்குபவர், ஒருவர் துறவி. முதற்சுற்று 671; யீஜிங்கின் கப்பல் வருகிறது. இரண்டாம் சுற்று 1025.

அந்த இரண்டாம் சுற்றில், ஆற்றுமுகத்தில் கிடங்கு வைத்திருக்கும் தமிழ் வணிகர் வேடமேற்ற மாணவன் பகடையை உருட்டாமல் நின்றுவிட்டான். "ஐயா, வருவது நம் கப்பல். எரியப் போவது என் கிடங்கு. நான் இப்போது எந்தப் பக்கம்?" என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. வகுப்பே பேசத் தொடங்கியது. மலாய்ப் படகோட்டியாக ஆடிய மாணவி, "முதலில் சரக்கை என் படகில் ஏற்று, பிறகு யோசி" என்றாள். பாடநூலின் ஒரு பக்கத்தை நூறு முறை மனனம் செய்தாலும் இக்கேள்வி பிறந்திருக்காது.

களம் அழியும் முன்

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2013 இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி, வீடமைப்புப் பணிக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியான பிறகே நாடு விழித்தது. ஆயிரமாண்டுக் கோயிலின் அடித்தளம் ஒரு மண்வாரி இயந்திரத்திற்கு வெறும் கற்குவியலாகத் தெரிந்திருக்கிறது. ஓர் இடத்தில் நடந்து பழகியவர் இருந்தால்தான் அவ்விடம் காக்கப்படும்.

எனவே பெற்றோர்களே, பிள்ளை விளையாடும்போது அருகில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த ஊர்? நீ இதில் யார்? உனக்கு எதிரே நிற்பவன் இக்கதையைச் சொன்னால் எப்படிச் சொல்வான்? பிறகு ஒரு விடுமுறை நாளில் பாலத்தைக் கடந்து மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மீட்டெடுத்து நிறுவப்பட்ட புக்கிட் பத்து பகாட் சண்டியின் படிகளில் ஏறட்டும்.

ஆசிரியர்களே, உலகம் ஆடும் களத்தைத் தொடங்கி வைத்தவர் ஒரு மொழியாசிரியர். நாமும் மொழியாசிரியர்களே. நம்மிடம் மொழி இருக்கிறது. மலையும் ஆறும் கண்ணெதிரே இருக்கின்றன. நாளை கடாரத்தைக் களமாக்கப் போகும் பிள்ளை இன்று நம் வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறான். அவன் கையில் பகடையைக் கொடுப்போம்.